எஸ்எம்பிஎஸ் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: வேலூர்ப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் வீடுகளிலும் ஸ்டுடியோக்களிலும் இரண்டு வகை டெஸ்க்டாப்பைப் பார்க்கலாம். ஒன்று, கடையில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தது. இன்னொன்று, சென்னை, பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்டு செகண்ட்ஸில் வந்த டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் பெட்டி. எதுவாக இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டு போடவோ மதர்போர்டு மாற்றவோ கிளம்புகிறவர்கள் கார்டின் விலையை வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். வீட்டுக் கரண்டை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் கடைசி நாளில்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது கையில் 6 பின் கனெக்டர் இருக்கும், கார்டு 8 பின் கேட்கும். அந்த நேரத்துக் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இத்தனை ஒயர் வருகிறதே, எது எதற்கு?

இருப்பதிலேயே பெரிய கனெக்டர் மதர்போர்டுக்கு. இப்போதைய போர்டுகளில் அது 24 பின். அடுத்தது சிபியுவுக்கு (பிராசஸர் சிப்புக்கு), போர்டின் மேல் மூலையில் போகும் 4 பின் அல்லது 8 பின். 8 பின் பெரும்பாலும் 4+4 என்று இரண்டாகப் பிரியும். மூன்றாவது கிராபிக்ஸ் கார்டுக்கானது, 6 பின் அல்லது 8 பின். இது 6+2 என்று பிரியும். பிறகு ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் கேட்கும் தட்டையான சாட்டா கனெக்டர், அதில் 15 பின். கடைசியாக, பழைய காலத்துப் பருமனான 4 பின் மோலெக்ஸ். இதை இன்றைக்குச் சில ஃபேன்கள் தவிர யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

சிபியு கனெக்டர் 4+4 ஆகவும் கார்டு கனெக்டர் 6+2 ஆகவும் பிரியும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சற்றுத் தள்ளி அது தேவைப்படும்.

நிறத்தை வைத்து அடையாளம் காணலாமா?

பழைய, சாதாரண எஸ்எம்பிஎஸ் என்றால் காணலாம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு தரை (கிரவுண்ட்). பச்சை ஆன் செய்யும் ஒயர். ஊதா, பெட்டி அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை. சாம்பல், 'மின்சாரம் சரியாக இருக்கிறது' என்று போர்டுக்குச் சொல்லும் ஒயர். இப்போது நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்களில் எல்லாமே கறுப்பு ஒயர்தான். அங்கே நிறத்தை நம்ப முடியாது, கனெக்டரின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். சிபியு, பிசிஐஇ (கார்டுக்கானது) என்று எழுதியிருப்பார்கள்.

என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 20 பின்தான் இருக்கிறது. புதுப் போர்டில் 24. போடலாமா?

போகும். பெரும்பாலும் ஆனும் ஆகும். விட்டுப்போகும் நான்கு பின்களில் இருப்பது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், தரை, ஆளுக்கொன்று. அதாவது புதிய மின்னழுத்தம் எதுவும் இல்லை, ஏற்கெனவே இருப்பதற்கே கூடுதல் வழி. சுமை குறைவாக இருக்கும் வரை பிரச்சினை தெரியாது. போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்ஸ் இழுக்கும் கார்டைப் போட்டால் மீதி 12 வோல்ட் பின்மேல் சுமை ஏறி அந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகும்.

ஆனால் உண்மையான பதில் வேறு. 24 பின் வழக்கத்துக்கு வந்தே இருபது வருடம் தாண்டிவிட்டது. பிரியாத 20 பின்னோடு ஒரு எஸ்எம்பிஎஸ் உங்களிடம் இருக்கிறது என்றால் அதன் வயதை யோசியுங்கள். புதுப் போர்டை அதில் மாட்டாதீர்கள்.

போர்டின் மூலையில் 8 பின் ஓட்டை, என்னிடம் 4 பின் மட்டும்.

ஐ3, சாதாரண ஐ5 போன்ற 65 வாட்ஸ் சிபியுவாக இருந்தால் 4 பின்னைச் சரியான பாதியில் செருகி ஓட்டலாம். கிளிப் ஒரு பக்கம்தான் மாட்டும், தவறான பாதியில் போகாது. ஐ7, ஐ9 அளவுக்குப் போனால் 8 பின் உள்ள எஸ்எம்பிஎஸ்தான் வழி. சில விலை உயர்ந்த போர்டுகளில் 8 பின்னுக்குப் பக்கத்தில் இன்னொரு 4 பின் இருக்கும். ஓவர்கிளாக் செய்யாதவர்கள், அதாவது சிபியுவை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டாதவர்கள், அதைக் காலியாக விடலாம்.

சிபியு 8 பின்னும் கார்டு 8 பின்னும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

இரண்டிலும் எட்டு பின், ஒரே பருமன், தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே மின்சாரம் தலைகீழ். சிபியு கனெக்டரில் நான்கு பின் 12 வோல்ட், நான்கு பின் தரை. கிளிப் இருக்கும் வரிசையில்தான் 12 வோல்ட். கார்டு கனெக்டரில் 12 வோல்ட் மூன்று பின்தான், மீதி ஐந்தும் தரையோடு சேர்ந்தவை. கிளிப் இருக்கும் வரிசை தரை. ஆக, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் திணித்தால் 12 வோல்ட் நேராகத் தரையோடு மோதும்.

அப்படி நடக்கக் கூடாது என்றுதான் பின்களின் முனையைச் சிலவற்றில் சதுரமாகவும் சிலவற்றில் மூலை மழித்தும் செய்திருக்கிறார்கள். சரியான இடத்தில் வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று கிளிப் விழும். தவறான இடத்தில் இடிக்கும். இடிக்கிறதே என்று கட்டைவிரலால் அழுத்துகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. பிளாஸ்டிக் மென்மையானது, பலத்துக்கு வழிவிட்டுவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் ஷார்ட்டை உணர்ந்து ஆன் ஆகாமல் நின்றுவிடும். மலிவானதாக இருந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

கார்டின் 6 பின், 8 பின் எவ்வளவு வாட்ஸ் தரும்?

மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்ஸ் வரை. 6 பின் இன்னொரு 75. 8 பின் 150. கூட்டிக்கொள்ளுங்கள்: ஒரு 8 பின் உள்ள கார்டு அதிகபட்சம் 225 வாட்ஸ், இரண்டு 8 பின் என்றால் 375. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட்ஸ்தான், அதற்கு ஒரு 8 பின் தாராளம். முழு சிஸ்டத்துக்கு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. கார்டு 115 வாட்ஸ்தானே, எதற்கு 550 என்று கேட்பார்கள். சிபியு, மற்ற பாகங்கள், நொடிக்கும் குறைவான நேரத்துக்கு எகிறும் சுமை, சந்தையில் உள்ள சுமாரான எஸ்எம்பிஎஸ்கள், எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சொல்லும் எண் அது.

8 பின் இல்லை. கடைக்காரர் சாட்டாவிலிருந்து 8 பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டர் தருகிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 12 வோல்ட்டால் பெருக்கினால் 54 வாட்ஸ். 8 பின் கேட்கும் கார்டு அந்த வழியில் 150 வாட்ஸ் வரை இழுக்க உரிமை பெற்றது. இரண்டு சாட்டாவைச் சேர்த்து ஒரு 8 பின் ஆக்கும் கன்வெர்ட்டரிலும் கணக்கு 108 வாட்ஸோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு சாட்டாவும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே ஒயரில்தான் வந்திருக்கும் என்பது தனிக் கதை.

மோலெக்ஸ் பின் கனமானது, சாட்டாவைவிட அதிகம் தாங்கும். இரண்டு தனித்தனி மோலெக்ஸ் ஒயரிலிருந்து ஒரு 6 பின் எடுப்பது, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில், 75 வாட்ஸுக்குள் அடங்கும் கார்டுக்கு, தற்காலிகமாகச் சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கார்டுக்கான ஒயரையே கம்பெனி கொடுக்கவில்லை என்றால், 'என்மேல் கார்டு ஏற்றாதே' என்று அந்த எஸ்எம்பிஎஸ்ஸே சொல்கிறது. கன்வெர்ட்டர் ஓட்டையின் வடிவத்தைத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் வாட்ஸைக் கூட்டாது.

எதிர்த்திசையில், மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்குப் போகும் கன்வெர்ட்டரிலும் ஒரு ஆபத்து உண்டு. ஒயரை அச்சில் வைத்து பிளாஸ்டிக் ஊற்றி வார்த்த மலிவு ரகத்தில் உள்ளே ஒயர்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் நிறைய. பின்பக்கம் மூடி கழற்றுகிற மாதிரி, ஒயரைத் தனித்தனியாகக் கவ்விய ரகத்தைக் கேளுங்கள்.

ஒரே ஒயரில் இரண்டு 8 பின் தலை இருக்கிறது. இரண்டையும் ஒரே கார்டில் மாட்டலாமா?

200 வாட்ஸ் சுற்றுவட்டாரக் கார்டு என்றால் ஓடும். அதற்கு மேல் போனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக வரும் இரண்டு ஒயரைப் பயன்படுத்துங்கள், மிஞ்சும் தலைகள் தொங்கட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கட் செய்யாதீர்கள்.

புதுக் கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் உருகிவிடுமாமே?

உருகியது உண்மை. 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது அந்தச் செய்திகள் கிளம்பின. ஒரே சின்ன கனெக்டரில் 600 வாட்ஸ் வரை கொண்டுபோகும் வடிவமைப்பு அது: 12 மின் பின், மேலே சமிக்ஞைக்கு மட்டுமான 4 சின்ன சென்ஸ் பின். முழுக்க உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நின்றால் தொடும் பரப்பு குறைந்து சூடேறும். 2023-இல் திருத்திய வடிவம் வந்தது. அதில் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி, மின் பின்களைச் சற்று நீளமாக்கினார்கள். பாதி செருகியிருந்தால் சென்ஸ் பின் தொடாது, கார்டு சுமை இழுக்காது. மாற்றம் ஓட்டைப் பக்கத்தில்தான், பழைய கேபிளும் அதில் போகும். திருத்திய பிறகும் உருகல் முழுக்க நின்றுவிடவில்லை. அதிக வாட்ஸ் கார்டுகளில் இப்போதும் நடக்கிறது.

செருகிய பிறகு டார்ச் அடித்து இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை ஒயர் நேராகப் போக வேண்டும். பக்கக் கண்ணாடி இடித்து ஒயர் மடங்குகிற குறுகலான கேபினட்டில் இந்த ரகக் கார்டு வேண்டாம். 4060 போன்ற சின்னக் கார்டுகளில் பெரும்பாலும் சாதாரண 8 பின்தான், அவற்றை வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

நண்பனின் மாடுலர் எஸ்எம்பிஎஸ் கேபிள் என்னுடையதில் சரியாகப் போகிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. மாடுலர் என்றால் ஒயர்களை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே கழற்றி மாட்டலாம். அந்த ஒயரின் போர்டு, கார்டு, டிஸ்க் பக்கத்து முனை உலகம் முழுக்க ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி பின்களை அடுக்குகிறது. ஒரே கம்பெனியிலேயே ஒரு வரிசை மாடலுக்கும் அடுத்த வரிசைக்கும் மாறும். ஆனால் ஓட்டையின் வடிவம் மட்டும் ஒன்றாக இருந்து தொலைக்கும். அதனால் கேபிள் சுகமாக உள்ளே போகும், கிளிப்பும் விழும். ஹார்ட் டிஸ்க்கின் 5 வோல்ட் பின்னுக்கு 12 வோல்ட் போகும். டிஸ்க் ஒரு கணத்தில் போய்விடும், அதிலிருக்கும் கல்யாண வீடியோக்களும் கூடவே.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது, 'ஒயர் எல்லாம் அழகாகக் கட்டி வைத்திருக்கிறேன், பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம்' என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பழைய ஒயரை அவிழ்த்து எடுத்துவிட்டு, புதியதோடு வந்த ஒயரைப் போடுங்கள். செகண்ட்ஸில் மாடுலர் வாங்கினால் கேபிள் அதனுடையதுதானா என்று பார்க்காமல் ஆன் செய்யாதீர்கள். கையில் மல்டிமீட்டர் இருந்தால், டிஸ்க் எதையும் மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்து, கேபிளின் மறுமுனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

செகண்ட்ஸில் டெல் ஆப்டிபிளெக்ஸ் வாங்கினேன். அதில் கேமிங் கார்டு போட எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும். போர்டில் 24 பின்னே இல்லையே?

ஆற்காடு, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எங்கிருந்து கேட்டாலும் இதே கேள்விதான், ஏனென்றால் அந்தப் பெட்டிகள் மலிவு, உழைப்பாளிகள்.

ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 வரிசையிலிருந்து டெல் 24 பின்னைக் கைவிட்டு 8 பின் போர்டு கனெக்டருக்குப் போனது. லெனோவோ திங்க்சென்டர் எம்92, எம்93 காலத்தில் 14 பின். எச்பியின் ஆபீஸ் பெட்டிகளில் 6 பின். காரணம் இருக்கிறது. இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட்டை மட்டும் தருகிறது, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டே தயாரித்துக்கொள்கிறது. ஒயர் குறைவு, மின்சாரம் மிச்சம். ஹார்ட் டிஸ்க்குக்கான மின்சாரமும் போர்டிலிருந்து ஒரு சின்ன கனெக்டர் வழியாகப் போகும். எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் அந்த ஒயரை அப்படியே விட்டுவிடலாம்.

எதிரில் இருக்கும் வழிகள் மூன்று. 24 பின்னிலிருந்து 8 அல்லது 14 அல்லது 6 பின்னுக்கு மாறும் அடாப்டர் ஒயர் ஆன்லைனில் கிடைக்கிறது. மாடல் எண்ணைச் சரியாகப் பொருத்தி வாங்கினால் வேலை செய்யும். சில மாடல்களில் ஸ்டாண்ட்பை மின்னழுத்தமே வேறு, அவற்றுக்கான அடாப்டரில் 5 வோல்ட்டை உயர்த்தும் ஒரு சின்ன சர்க்யூட் சேர்ந்திருக்கும். 'டெல் 8 பின்னும் 8 பின்தானே' என்று சிபியு 8 பின்னை அங்கே செருகிப் பார்ப்பவர்களுக்கு: அது வேறு உலகம், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

அடாப்டர் கிடைத்தாலும் அளவு இடிக்கும். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். டவர் பெட்டியில் ஒருவேளை உட்காரும், திருகு ஓட்டைகளை அளந்து பார்க்க வேண்டும். படுக்கை வாக்கில் இருக்கும் சின்னப் பெட்டியில் உட்காரவே உட்காராது. எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே வைத்துப் பக்கத் தகட்டைத் திறந்தே ஓட்டுகிறவர்களும் உண்டு. குழந்தைகள், பல்லி, ஒட்டடை, தூசி உள்ள வீட்டில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல் அதற்கு ஏற்ற கார்டு போடுவது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன். மூன்றாவது, அந்தப் பெட்டியிலிருந்து சிபியு, ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் எடுத்து, செகண்ட்ஸில் ஒரு சாதாரண போர்டும் கேபினட்டும் வாங்கி மாற்றுவது. அடாப்டர், எஸ்எம்பிஎஸ், கேபினட்டில் செய்யும் வெட்டு ஒட்டு எல்லாவற்றையும் கூட்டினால் பல சமயம் இதுவே மலிவாக முடிகிறது.

தனி ஒயரே கேட்காத கார்டு இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்லாட்டின் 75 வாட்ஸுக்குள் அடங்குபவை. ஜிடி 1030 முப்பது வாட்ஸ், ஆர்எக்ஸ் 6400 ஐம்பத்துமூன்று, ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி ரகம் எழுபது. ஜிடிஎக்ஸ் 1650-இல் ஒயர் கேட்கும் மாடலும் உண்டு, கேட்காத மாடலும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆப்டிபிளெக்ஸ் 9020-இன் டவருக்கு 290 வாட்ஸ், சின்னப் பெட்டிக்கு 255 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். இந்த அளவுக் கார்டை இரண்டுமே தாங்கும். சின்னப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும். குடியாத்தத்தில் கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோவுக்கு 3050 6 ஜிபியே நல்ல முன்னேற்றம்.

ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று இருக்கிறது. போதுமா?

பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள், கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே ஆம்பியர் இருக்கும். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்ஸ். சிபியுவும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 450 என்று பெயர் வைத்து 192 தருகிறது என்றால் மீதி, யாரும் அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டப்பட்டிருக்கும். நல்ல 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 35 ஆம்பியருக்கு மேல் எழுதியிருக்கும். இரண்டு 12 வோல்ட் வரி தனித்தனியாகப் போட்டிருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டாதீர்கள், கீழே சேர்த்து எவ்வளவு என்று தனியாக வாட்ஸ் போட்டிருக்கும்.

இன்னொரு சோதனை, கையில் தூக்கிப் பார்ப்பது. விஞ்ஞானம் இல்லைதான், ஆனால் காற்றுப் போல இருக்கும் பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது.

80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லதுதானே?

மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்கான முத்திரை அது. பாதுகாப்புக்கானது இல்லை. ஆனாலும் முத்திரை வாங்குகிற கம்பெனி ஓரளவு ஒழுங்காகச் செய்திருக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், குறைவாகச் சூடாகும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி மதிப்பு உண்டு. உள்ளே இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

எம்.2 எஸ்எஸ்டிக்கு எந்த ஒயர்?

எதுவும் இல்லை. போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

சர்வரிலிருந்து கழற்றிய பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். புது எஸ்எம்பிஎஸ்ஸில் சுற்றவே இல்லை, பழையதில் சுற்றுகிறது.

டிஸ்க் கெடவில்லை. சாட்டா கனெக்டரின் மூன்றாவது பின் முன்பு 3.3 வோல்ட்டுக்கானது. புதிய விதிப்படி சர்வர் ரக டிஸ்க்குகள் அந்தப் பின்னில் மின்சாரம் கண்டால் 'அணைந்து இரு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். உங்கள் எஸ்எம்பிஎஸ் அங்கே 3.3 வோல்ட்டைத் தந்துகொண்டே இருப்பதால் அது எழுந்திருப்பதே இல்லை. மோலெக்ஸ் வழியாக மின்சாரம் கொடுத்தால் 3.3 வோல்ட் போகாது, டிஸ்க் சுற்றும். மேலே சொன்ன, மூடி கழற்றும் ரகக் கன்வெர்ட்டர் நியாயமாகத் தேவைப்படும் இடம் இது.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. புது எஸ்எம்பிஎஸ் கெட்டதா?

பெரும்பாலும் இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கேபினட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் 230-இல் பாதி, 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் ஆன் ஆன நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது அதே கசிவு கார்டின் போர்ட்டைக் கெடுக்கலாம். பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியதிலிருந்து கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்காமல் பெட்டி அணைகிறது. ஏன்?

600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் 360 வாட்ஸ் சுற்றித்தான் தரும். கேம் ஓடும்போது கார்டும் சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தொட்டுவிடும். இன்னொரு காரணம், புது எஸ்எம்பிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) இருந்து, யுபிஎஸ் சதுர அலையாகக் கொடுத்தால் சில ஜோடிகள் ஒத்துப்போவதில்லை. வீட்டுக் கரண்டைப் போலவே வளைந்த அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் யுபிஎஸ்ஸில் இந்தத் தகராறு இல்லை.

வாங்கியதைப் போர்டில் மாட்டாமல் சோதிக்க முடியுமா?

24 பின்னில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் ஆன் ஆகும். எல்லாமே கறுப்பு ஒயராக இருந்தால், எது எந்தப் பின் என்று படம் பார்த்து உறுதி செய்யாமல் கிளிப்பை வைக்காதீர்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், சுமை தாங்கும் என்று அர்த்தம் இல்லை. சுமை இல்லாதபோது ஃபேன் சுற்றாத மாடல்களும் உண்டு.

எங்கே வாங்குவது? வேலூரிலா, ரிட்சி தெருவிலா?

காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை ரிட்சி தெரு, மறுபக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு, இரண்டும் கம்ப்யூட்டர் பாகக் கடைத்தெருக்கள். வகை அதிகம், விலையும் கொஞ்சம் குறையும். ஆனால் எஸ்எம்பிஎஸ் என்பது வாரண்டியோடு வாங்கும் பொருள். கெட்டுப்போனால் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரயில் ஏறுவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். புது எஸ்எம்பிஎஸ் என்றால் நான் ஊரிலேயே, பில் போட்டு வாங்கச் சொல்வேன். அடாப்டர், பழைய மாடல் பாகம் என்றால் ரிட்சி தெரு.

எங்கே போனாலும் மூன்று படம் போனில் இருக்கட்டும்: போர்டின் எல்லா மின் ஓட்டைகளும், கார்டின் ஓட்டை, இப்போதைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கர். 'அண்ணே, ஒரு எஸ்எம்பிஎஸ் கொடுங்க' என்று கேட்டால் அவர் முன்னால் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார். படத்தைக் காட்டி, 'இதுல ரெண்டு 8 பின் தனித்தனி ஒயரா வருதா?' என்று கேட்டால் உள்ளே போய்த் தேடுவார்.

செகண்ட்ஸில் வாங்கினால் பின்பக்கம் 115, 230 என்று சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்து நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் பட்டாசுதான்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பழுது பார்க்கலாமா? தூக்கிப் போடுவதா?

பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறவர்கள் கைக்குப் போகவும் வாய்ப்புண்டு, அந்தப் புகை நச்சு. மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி பதிவு செய்த மறுசுழற்சியாளர்களிடம்தான் இவை போய்ச் சேர வேண்டும். புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மாடுலர் என்றால் அதன் கேபிள்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். டிராயரில் போட்டு வைத்தால் அடுத்த எஸ்எம்பிஎஸ்ஸில் யாராவது அதைச் செருகிப் பார்ப்பார்கள்.